கட்டடம் கேட்டது போதும், இனி கணக்கு கேட்போம்!



ஒரு நம்பரை மனசுல வெச்சுக்கங்க: 26.3.

ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, புதுச்சேரியில் வயது வந்தவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்திய அளவில் இது 11.4 சதவீதம்தான். கோவா (26.4) முதலிடம், அடுத்தது நாமதான். டீக்கடை வாசல்ல நாலு பேர் நின்னா, அதுல ஒருத்தருக்கு சுகர்.

"நமக்கென்ன, ஜிப்மர் இருக்கு, ஜி.எச். இருக்கு"ன்னு சொல்லுவோம். பெருமைதான். ஆனா சுகரும் பிரஷரும் பெரிய ஆஸ்பத்திரியில ஜெயிக்கிற சண்டை இல்லை. மாசாமாசம் செக் பண்ணி, மாத்திரை வாங்கி, விடாம சாப்பிட்டு, நம்ம ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஜெயிக்க வேண்டிய சண்டை. அங்க கோட்டை விட்டாதான் பக்கவாதம், டயாலிசிஸ், கால் விரல் எடுக்கிறதுன்னு பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கிறோம்.

நம்ம சுகாதார நிலையங்கள்ல டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, மாத்திரை இலவசம். அப்போ எது குறையுது?

ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த மாசம் மாத்திரை வாங்க வர வேண்டியவங்கள்ல எத்தனை பேர் வரலை? வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு பிரஷர் 140/90-க்கு கீழே இருக்கு? இதுக்கு டக்குனு பதில் கிடைச்சா அந்த நிலையம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். பதில் இல்லைன்னா நர்ஸைக் குறை சொல்லாதீங்க. ஓ.பி., தடுப்பூசி, கர்ப்பிணிகள் செக்கப், ரிஜிஸ்டர், கம்ப்யூட்டர் என்ட்ரி எல்லாம் அதே கைதான். நின்னு யோசிக்க அவங்களுக்கு நேரம் எங்க இருக்கு?

நம்ம ஐ.டி. பசங்களுக்கு இது ஈசியா புரியும். சர்வர் ஸ்லோ ஆனா உடனே புது சர்வர் வாங்க மாட்டோம். முதல்ல லாக் பார்ப்போம், எங்க அடைக்குதுன்னு தேடுவோம். சுகாதார நிலையத்துக்கும் அப்படி ஒரு ஆள் வேணும். திட்டுறதுக்கு வர்ற இன்ஸ்பெக்டர் இல்லை. மாசாமாசம் வந்து, கூட உட்கார்ந்து, கணக்கைப் பார்த்து, "இதை இப்படி மாத்திப் பார்க்கலாமா?"ன்னு கேட்டு, அடுத்த மாசம் திரும்ப வந்து பலன் தெரிஞ்சுதான்னு பார்க்கிற வழிகாட்டி.

இது கற்பனை இல்லை. 1980-களிலேயே இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க டாக்டர்களோட கிளினிக்குகளுக்கு இப்படி ஆள் அனுப்பினாங்க. நம்ம நாட்டுலயே நவம்பர் 2017-ல் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி பஞ்சாப், கேரளா, மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரா மாநிலங்கள்ல ஆரம்பிச்சுது. அதுல என்ன செஞ்சாங்க?

✅ எல்லா நிலையத்துக்கும் ஒரே எளிய சிகிச்சை முறை
✅ ஒரு தடவை வந்தா 30 நாளுக்கு மாத்திரை
✅ யார் வரலைன்னு செயலியில பட்டியல் எடுத்து போன் பண்றது
✅ நிலையம் நிலையமா போய் பயிற்சி கொடுத்து, கணக்கு பார்த்து உதவ, இதுக்குன்னே அதிகாரிகள்

மாயமந்திரம் எதுவும் இல்லை. ஆனா சிகிச்சையில இருந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிரஷர் கட்டுக்குள்ள வந்துச்சு. 2022-ல் ஐ.நா. விருதும் கிடைச்சுது.

"அதான் தரச்சான்று இருக்கே, காயகல்ப் விருது இருக்கே?"ன்னு கேட்பாங்க. இருக்கட்டும், அதுவும் தேவைதான். சுத்தம், வசதி, ஆவணம் எல்லாம் அதுல சரியாகும். ஆனா பரீட்சை வைக்கிறது வேற, பாடம் சொல்லிக் கொடுக்கிறது வேற. நாம கேட்கிறது ரெண்டாவது.

"ஆள் எங்க, பணம் எங்க?"ன்னும் கேட்பாங்க. 2011 கணக்குப்படி நம்ம மொத்த மக்கள்தொகையே 12.5 லட்சம்தான். ஏழெட்டு நிலையத்துக்கு ஒருத்தர்னு போட்டா விரல் விட்டு எண்ணுற ஆட்கள் போதும். குருசுக்குப்பத்துலயும் இராமநாதபுரத்துலயும் சுகாதார மையம் நடத்தி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜிப்மர் நம்ம ஊர்லயே இருக்கு. அந்த அனுபவத்தைப் பயன்படுத்திக்கிட்டா என்ன?

நம்ம கோரிக்கை மூணுதான்:

1️⃣ புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலு பகுதியிலயும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாசம் ஒரு முறை வழிகாட்டி வரணும்.
2️⃣ சுகர், பிரஷர் எத்தனை பேருக்குக் கட்டுக்குள்ள இருக்குன்னு நிலையம் வாரியா மூணு மாசத்துக்கு ஒரு முறை வெளியிடணும். நோயாளி பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.
3️⃣ கணக்கு குறைவா இருக்கிற இடத்துக்கு மெமோ வேண்டாம், கூடுதல் உதவி போகணும். மெமோ கொடுத்தா கணக்குதான் மாறும், நோய் மாறாது.

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. போனைத் தூக்கிட்டுப் போய் நர்ஸம்மாவை லைவ்ல மிரட்டுறது மக்கள் சேவை இல்லை. உங்க தெருவுல மாத்திரையைப் பாதியில நிறுத்தின ஒரு பெரியவரைத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க, அதுதான் சேவை.

அடுத்த தடவை எந்தத் தலைவர் திறப்பு விழாவுக்கு வந்தாலும், அது நம்ம தலைவராவே இருந்தாலும், ரிப்பன் வெட்டின உடனே கேளுங்க: "ஐயா, இந்த ஏரியாவுல எத்தனை பேருக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு?"

படிச்சா போதாது, ஷேர் பண்ணுங்க. உங்க ஏரியா சுகாதார நிலையத்துல என்ன மாறணும்னு கமெண்ட்ல சொல்லுங்க.

#கணக்குகேட்போம் #நலமானபுதுவை