மென்பொருள் முழவு: சில விண்ணப்பங்கள்

கணினிக்குள் தாளக்கருவிகளைக் குடியேற்றும் மென்பொருட்களைப் பயன்படுத்துவோர், அவற்றைச் செய்தவர்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பதைச் சில காலமாகக் கவனித்து வருகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று சில வாசகர்கள் புருவம் உயர்த்தக்கூடும். தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் ஒரு நிலத்தின் கருப்பொருளாக எண்ணியது தொல்காப்பியம். நிலத்துக்கு நிலம் பறை வேறு என்று கொண்ட மரபில் வந்தவர்கள், எல்லா நிலத்துக்கும் ஒரே பறையாகக் கணினி வந்து நிற்கும்போது அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பதுதான் விந்தை.

கோரிக்கைகள் பெரும்பாலும் ஒரே வகைப்பட்டவை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கிபோல் கேட்கிறது, ஆகவே ஒவ்வோர் அடிக்கும் பல பதிவுகள் வேண்டும். மெல்லத் தட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் இடையில் இன்னும் படிகள் வேண்டும். விரல் பட்டதற்கும் ஒலி எழுவதற்கும் உள்ள இடைவெளி குறைய வேண்டும். கணினியின் நினைவகத்தை இவ்வளவு விழுங்கக்கூடாது. எல்லாம் நியாயமானவை. 2006இல் வந்த ஸ்வீடனின் ஈஸிடிரம்மர் போன்ற வணிக மென்பொருட்களும், ஹைட்ரஜன் போன்ற கட்டணமற்ற மென்பொருட்களும் இத்தகைய வேண்டுகோள்களால் மெருகேறியவையே. ஆனால் இவையனைத்தும் மேற்கத்திய டிரம்ஸ் வாசிப்பவரின் கோரிக்கைகள். நம்மவர்கள் கேட்கும்போதும் இதையேதான் கேட்கிறார்கள் என்பதில்தான் எங்கள் மனத்தாங்கல். மிஞ்சிப்போனால், "மிருதங்கமும் தவிலும் சேர்த்துத் தாருங்கள்" என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். சேர்த்தும் தருகிறார்கள். 'எத்னிக்' என்றோ 'வேர்ல்ட்' என்றோ பெயரிட்ட பெட்டிக்குள், ஆப்பிரிக்க முழவுகளுக்கும் திபெத்திய மணிகளுக்கும் பக்கத்தில் அது கிடக்கும். (தஞ்சாவூரில் இருப்பவருக்கு மிருதங்கம் எந்த வகையில் 'எத்னிக்' என்பதை யாராவது விளக்கினால் நன்றாயிருக்கும்.)

இந்த அலமாரி எப்படி அமைந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கருவிகளும் கணினிகளும் தமக்குள் பேசிக்கொள்ள 1983இல் மிடி என்ற நெறிமுறை வந்தது. எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்பதை 1991இல் ஜெனரல் மிடி என்ற பொதுப்பட்டியல் வரையறுத்தது. அதில் பத்தாவது தடம் தாளத்துக்கு உரியது. 35 முதல் 81 வரை மொத்தம் 47 ஒலிகள். போங்கோ உண்டு, காங்கா உண்டு, பிரேசிலின் குயிக்கா உண்டு, சுரண்டி ஒலியெழுப்பும் குயிரோகூட நீண்டதும் குறுகியதுமாக இரண்டு உண்டு. மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, தபலாவும் இல்லை. இந்தியாவை முற்றாக மறந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. இசைக்கருவிகளுக்கான 128 இடங்களில் 105ஆவது சித்தார், 112ஆவது ஷெனாய். ஜப்பானியரின் டைக்கோ முரசுக்கும் 117ஆவது இடம் கிடைத்தது. பட்டியலை ஆக்கியவர்கள் அமெரிக்க, ஜப்பானியக் கருவித் தயாரிப்பாளர்கள். அவர்களுடைய சந்தையில் எது ஒலித்ததோ அது ஏறியது.

இதற்கு எதிரே சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், சல்லிகை, கரடிகை, திமிலை, குடமுழா, தக்கை, தண்ணுமை, தடாரி என்று முப்பது தோற்கருவிகள் அளவில் அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அதுவும் ஒரு பட்டியல்தான். அவற்றுள் பல இன்று பெயராக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு கருவி பிழைத்துவிடாது என்பதற்கு அவரே சாட்சி. எனவே 47ஐ 60 ஆக்குங்கள் என்று கேட்பதில் எங்களுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை.

எங்கள் முதல் விண்ணப்பம் வேறு. நம் தாள மரபில் அடிக்கு முன்பே சொல் இருக்கிறது. மிருதங்கம் பயில வருபவன் தோலைத் தொடுமுன் வாயால் சொல்லப் பழகுகிறான். த, தி, தொம், நம் என்று தொடங்கி, தகிட, தகதிமி, தகதகிட என வளர்ந்து, கொன்னக்கோல் என்று தனிக்கலையாகவே நிற்கும் அளவுக்கு அந்த மொழி தழைத்திருக்கிறது. மென்பொருளோ அடியை எண்ணாக வைத்திருக்கிறது. நாற்பதாவது விசை, நூறு அளவு அழுத்தம். சொல்லே தெரியாத ஒன்றுக்கு எழுத்துக்களை மட்டும் கொடுத்துவைத்த கதை. தமிழ் எழுத்தில் 'தகதிமி தகஜுணு' என்று தட்டினால் வாசிக்கிற மென்பொருள் ஏன் இருக்கக்கூடாது? ஒருங்குறி வந்து இத்தனை ஆண்டுகள் ஆனபின் இது நடவாத காரியமல்ல.

எளிதான காரியமும் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே சொல் தஞ்சாவூர்ப் பாணியில் ஒரு விரலுக்கும், புதுக்கோட்டைப் பாணியில் வேறு விரலுக்கும் போகலாம். ஒரே பாணியிலும் முன்பின் வரும் சொற்களைப் பொறுத்து, வேகத்தைப் பொறுத்து, அடி மாறும். நம் இலக்கணத்தில் புணர்ச்சி விதிகள் செய்யும் வேலைதான் இது. நிலைமொழி, வருமொழி பார்க்காமல் சொல்லைச் சேர்த்தால் எப்படி நாராசமாக இருக்குமோ, அப்படித்தான் இன்றைய மெய்நிகர் மிருதங்கங்கள் விரைவுகாலத்தில் ஒலிக்கின்றன. பதிவின் தரத்தில் குறையில்லை; நல்ல வித்வான்களை வைத்தே பல நிறுவனங்கள் பதிவு செய்கின்றன. ஒவ்வோர் அடியும் தனித்தனியே தூய்மையாக இருப்பதுதான் சிக்கல். ஆகவே எந்தப் பாணி என்று தேர்ந்தெடுக்கும் வசதியும், அடுத்தடுத்த அடிகளுக்கிடையிலான உறவைப் பதிவு செய்வதும் வேண்டும். இதைக் கேட்க மென்பொருள் அறிவு தேவையில்லை, கொஞ்சம் இலக்கணம் தெரிந்தால் போதும்.

இனி கட்டம். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 இயந்திரத்தின் முகப்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். இன்றும் தாள மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பதினாறு கட்டம்தான். சதுஸ்ரத்துக்கு அது தோதானது. கண்ட நடையின் ஐந்தோ, மிஸ்ரத்தின் ஏழோ, சங்கீர்ணத்தின் ஒன்பதோ பதினாறுக்குள் அடங்குவதில்லை. அமைப்புகளுக்குள் புகுந்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம்தான். முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பதை யார் மாற்றுகிறார்கள்? பதின்வயதில் இந்தக் கட்டத்தின் முன் உட்காரும் பிள்ளைக்கு உலகமே நான்கால் வகுபடுவதாகத் தோன்றிவிடும். தொடக்கத்திலேயே "எத்தனை எண்ணிக்கை?" என்று மென்பொருள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டுகோள்.

சுருதி இன்னொரு விஷயம். தட்டையான தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. பல மேற்கத்திய முரசுகளுக்குத் திட்டவட்டமான சுருதி இல்லாமைக்குக் காரணம் இதுவே. வலந்தலையில் கரணை என்னும் கறுப்புப் பூச்சை ஏற்றி நம் கைவினைஞர்கள் அதை இசைவுக்குக் கொண்டுவந்தார்கள். இதை 1920இல் 'நேச்சர்' இதழில் சி. வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். 1934இல் விரிவாகவும் எழுதினார். தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைச்சுரங்களாகத் தொகுபடுவதை அவர் காட்டினார். மென்பொருளில் என்ன செய்கிறார்கள்? ஒரு சுருதியில் பதிந்ததை மேலும் கீழும் இழுக்கிறார்கள். ஒன்றிரண்டு படி இழுத்தால் தெரியாது. ஆண்குரலுக்கு ஒரு கட்டையில் பதிந்ததைப் பெண்குரலுக்கு ஐந்தரைக் கட்டைக்கு இழுத்தால் மிருதங்கத்தின் உடலே சுருங்கிவிட்டதுபோல் கீச்சிடுகிறது. தக்கு சுருதிக்கு ஒன்று, ஹெச்சு சுருதிக்கு ஒன்று என வித்வான்கள் இரண்டு மிருதங்கம் வைத்திருப்பது ஆடம்பரத்துக்கு அல்ல. இரண்டையும் தனித்தனியே பதிவு செய்து கொடுங்கள் என்று கேட்க வேண்டும். தொப்பியில் கை அழுந்த எழும் கும்காரத்துக்கும் நல்ல காலம் பிறக்கலாம். பழைய மிடியில் சுரத்தை வளைத்தால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் அனைத்தும் சேர்ந்து வளையும். 2020இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 ஒவ்வோர் ஒலியையும் தனியே வளைக்க இடம் தருகிறது. வழி திறந்திருக்கிறது, கேட்பாரில்லை.

எங்கள் பகுதியான கோவில்பதாகையில் ஒரு மார்கழி விடியலில் பஜனைக் குழு ஒன்று தெருவில் வந்தது. மிருதங்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லை போலும். ஒருவர் கைப்பேசியிலிருந்து சிறு ஒலிபெருக்கி வழியே ஆதி தாளம் ஓடிக்கொண்டிருந்தது. பாடிய அம்மாள் உருகி ஓர் இடத்தில் நின்றார். தாளம் நிற்கவில்லை. குழுவில் இருந்தவர்கள் தடுமாறி, பாட்டை விட்டுத் தாளத்தைத் துரத்திப் பிடித்தார்கள். பக்கவாத்தியம் என்பது பக்கத்தில் இருந்து கேட்கும் வாத்தியம். பாடுபவரின் மூச்சை ஒலிவாங்கி வழியே கேட்டு, நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும் தாளச் செயலி வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பங்களில் பெரியது.

கேட்காத முரசு நமக்குப் புதிதல்ல. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துச் சிறு கோயில்கள் பலவற்றில், ஏன், தமிழகமெங்கும், தீபாராதனை நேரத்தில் விசையைத் தட்டினால் மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் ஜால்ராவும் ஒருசேர முழங்குகின்றன. மென்பொருள் வருவதற்கு முன்பே வந்த மெய்நிகர் முழவு அது. தவில்காரருக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லாத கோயிலுக்கு அது உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது வந்தபோது எந்தத் தவில் கலைஞரிடமும் எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. விளைவை நாள்தோறும் காதால் அனுபவிக்கிறோம்.

மென்பொருளால் ஆகிற நன்மைகளும் உண்டு. அடுக்ககத்தில் பக்கத்து வீட்டாருக்கு அஞ்சிச் சாதகம் செய்பவருக்குக் காதொலிப்பானுடன் கூடிய பேட் ஒரு வரம். டொரான்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் பிள்ளைக்குத் தோல் காயும் கவலையில்லை. இடக்கைக்காரரான பழனி சுப்ரமணிய பிள்ளை (மறைவு 1962) மேடையில் மறுபக்கம் அமர்ந்து வாசிக்க வேண்டியிருந்தது; அதில் சங்கடப்பட்ட சக கலைஞர்கள் உண்டு. மென்பொருளில் இடமும் வலமும் மாற்ற ஒரு பொத்தான் போதும். பலவற்றில் அந்தப் பொத்தானே இல்லை என்பது வேறு கதை.

பெயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒலித்தொகுப்பின் விளம்பரத்தில் ஒலிவாங்கியின் பெயர் இருக்கிறது, பதிவரங்கின் பெயர் இருக்கிறது. வாசித்தவர் பெயர் சிலவற்றில் இருக்கிறது. அந்த மிருதங்கத்தைச் செய்தவர் பெயரை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை. டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தபோதுதான், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து போன்றவர்களின் பெயர்கள் பரவலாக வெளியே தெரிந்தன. மாடு, எருமை, ஆடு என மூன்று தோல்களைப் பார்த்துத் தேர்ந்து, இழுத்துக் கட்டி, நாதத்தை உண்டாக்கிய தலித் கிறித்தவக் குடும்பங்கள் அவை. அந்நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா விலக்கிக்கொண்டதும் நினைவிருக்கலாம். மேடை மறைத்ததைக் கணினி இன்னும் சுத்தமாக மறைக்கிறது, தோலே இல்லையே. மென்பொருளின் அறிமுகத் திரையில் ஒரு வரி, செய்தவர் இன்னார், இன்ன ஊர் என்று. செலவில்லாத திருத்தம் இது. விற்பனையில் ஒரு பங்கும் என்றால் இன்னும் நல்லது.

கடைசியாகப் பறை. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபின், பறை ஒலியைக் கணினியில் தேடுபவர்கள் கூடியிருப்பார்கள் என்று ஊகிக்கிறோம். அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பறை: நன்றாகக் காய்ச்சி, உச்சத்தில் இருக்கும்போது பதிந்தது. எரியும் சருகுக்கு முன் காட்டிய பறை கணீரென்று தொடங்கும், தெரு பாதி கடக்குமுன் தளரும், மறுபடி தீ மூட்டிக் காட்டுவார்கள். அந்த ஏற்ற இறக்கம் அதன் இசையில் சேர்ந்தது. ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகு வைப்பவர்கள், பறைக்குச் சூட்டுக்கும் ஒரு திருகு வைக்கட்டும். அரைமணி நேரம் தொடாமல் விட்டால் அது தானாகக் கீழே இறங்கவும் வேண்டும்.