டயரில் சிக்கனம்

விரைவோட்டத்திற்கென அமைந்த காரை ஐதராபாத்தில் நாள்தோறும் அலுவலகத்திற்கு ஓட்டிச் செல்வோர், டயர் மாற்றுங்கால் விலை கண்டு மலைக்கின்றனர். சிக்கனம் நன்றே, எதில் என்பதே வினா. பந்தய ரக மென் டயர் விரைவில் தேயும், அது வேண்டா. நெடுநாள் உழைக்கும் ரகமே போதும் என்போம்.

ஆனால், பக்கத்தில் பொறித்துள்ள குறிகளில் சிக்கனம் கூடாது. ‘205/55 ஆர் 16 91 வி’ என்பதில், 91 என்பது டயர் தாங்கும் 615 கிலோ சுமையையும், ‘வி’ என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தையும் உணர்த்தும். கார் செய்தோர் விதித்த அளவிற்கு இவை குறையலாகாது. ‘2324’ என்னும் முத்திரை, 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்ததெனக் காட்டும். மலிவென்று பழஞ்சரக்கை ஏற்க வேண்டா.

பிள்ளைகளோடு விஜயவாடா வழியே சென்னை செல்கையில் மழை பிடித்தால், ஒவ்வொரு சக்கரத்திலும் சாலையைப் பற்றுவது உள்ளங்கையளவு ரப்பரே. அதற்குரிய விலையைக் கொடுத்துவிடுவோம்.