ஆற்றங்கரையில் விலக்கு யாருக்கு?

விருத்தாசலம் காசிக்கு வீசம் கூட என்று பெயர் வாங்கிய ஊர். மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் மணிமுத்தாற்றங்கரைக்கு வந்து, மாண்டுபோன பெற்றோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். அதே ஆற்றில்தான் நகரத்தின் சாக்கடையும் வந்து விழுகிறது. இதை நிரூபிக்க விசாரணைக் கமிஷன் தேவையில்லை. பாலத்தின் மேல் சற்று நேரம் நின்றால் போதும்.

இந்த நிலையில் நம் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஆற்றை ஒட்டிக் குடியிருக்கும் உழைப்பாளிக் குடும்பங்கள் வீட்டில் கழிப்பறை கட்ட விரும்புகின்றன. கழிப்பறை என்றால் செப்டிக் டாங்க் வேண்டும். டாங்க் என்றால் இவ்வளவு தூரம் விட வேண்டும், இவ்வளவு இடம் வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்கள் மனையோ கையகலம். 'விதியிலிருந்து விலக்கு வாங்கிக் கொடுங்கள்' என்று நம்மிடம் மனு எழுதித் தரச் சொல்கிறார்கள். நாம் என்ன சொல்வது?

சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. 'ஏழை கேட்கிறான், எழுதிக் கொடுத்துவிடுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம்' என்பது ஒன்று. 'ஆறு கெட்டுவிடும், அனுமதிக்கக் கூடாது' என்பது மற்றொன்று. முதலாவதை நம்மவர்களில் சிலரே சொல்கிறார்கள். இரண்டாவதை, தன் வீட்டில் மூன்று கழிப்பறை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் தவறு என்பதே நமது கருத்து.

முதலில் விதியைப் பார்ப்போம். செப்டிக் டாங்க் என்பது மலத்தை மறையச் செய்யும் மந்திரப் பெட்டி அல்ல. கனமான கசடு அடியில் படிகிறது. காற்றில்லாத இருட்டில் கிருமிகள் அதில் ஒரு பகுதியைக் கரைக்கின்றன. மிச்சம் சேறாகத் தங்குகிறது. மேலே நிற்கும் கலங்கல் நீர் வெளியே போகிறது. அந்த நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் நோய்க் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. அதை உறிஞ்சு குழியில் விட்டு, மண்ணில் மெல்ல மெல்ல வடியவிட்டால்தான் வீரியம் குறையும். ஆகவேதான் உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்கிறது.

இந்த விதி ஆபீசர்களின் குறும்பல்ல. பிணங்களின் மேல் எழுதப்பட்ட விதி. 1854ல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து 600 பேருக்கு மேல் மாண்டார்கள். டாக்டர் ஜான் ஸ்நோ தெருக் குழாயைச் சந்தேகித்தார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைந்த தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் யார்? அந்தக் குழாயை நம்பியிருந்த தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும்தான். ஆக, தூரத்தை அடியோடு மறந்து விலக்குக் கேட்பது ஏழைக்குச் செய்யும் உதவியல்ல. கசியும் குழிக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைப்பவளும் ஏழைதான். கீழே கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேர்கிறது. அங்கிருந்து பரங்கிப்பேட்டைக் கடல்வரை அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் விவசாயிகளும் நம்மவர்களே.

சரி, விதியை அப்படியே வைத்துக்கொள்வோமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 மீட்டர் என்பது ஏறத்தாழ 60 அடி. மூன்று சென்ட் மனை என்பது 1,300 சதுர அடி. அகலம் 20 அடி என்றால் நீளம் 65 அடி. அதற்குள் வீடும் வேண்டும், அடுப்படியும் வேண்டும், மாடு கட்டவும் வேண்டும். பக்கத்து மனையில் அடிபம்பு. பின்புறம் ஆறு. இந்த மனையில் விதிப்படி உறிஞ்சு குழி போட வானத்தில்தான் இடம் தேட வேண்டும். விதியை மட்டும் காட்டி மனுவைத் திருப்பினால் என்ன ஆகும்? கழிப்பறை தேவையில்லாமல் போய்விடுமா? பெண்கள் இருட்டும்வரை வயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு அதே ஆற்றங்கரைக்குப் போவார்கள். அல்லது யாருக்கும் தெரியாமல் நாலு உறை இறக்கி, அடி திறந்த குழியாக விட்டுவிடுவார்கள். விதி காகிதத்தில் காப்பாற்றப்படும். மலம் ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

நம் நாட்டில் விதிவிலக்கே கிடையாது என்று நினைக்க வேண்டாம். கேட்கிறவன் பெரிய ஆளாக இருந்தால் கிடைக்கும். 2016 மார்ச்சில் டில்லி யமுனையின் வெள்ளச் சமவெளியில் வாழும் கலை அமைப்பு உலகக் கலாச்சார விழா நடத்தியது. பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, விழாவை நடத்த விட்டது. அந்த விழாவால் வெள்ளச் சமவெளிக்குச் சேதம் ஏற்பட்டது என்று 2017 டிசம்பரில் அதே தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லிற்று. ஐதராபாத்தைப் பாருங்கள். அந்த நகரத்துக்குத் தண்ணீர் தந்த உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைக் காக்க, 10 கிலோமீட்டர் சுற்றளவில் 84 கிராமங்களில் கட்டிடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து 1996ல் உத்தரவு எண் 111 வந்தது. 2022 ஏப்ரலில் தெலுங்கானா சர்க்கார் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி உத்தரவு போட்டது. நிலத்தின் விலை ஏறக் காத்திருந்தவர்களுக்கு அது இனிப்பான செய்தி. அங்கே 84 கிராமங்களுக்குத் தளரும் விதி, ஆற்றங்கரைக் கூலித் தொழிலாளியின் ஒரு கழிப்பறைக்கு மட்டும் ஏன் இரும்பாக நிற்கிறது?

முதலாளித்துவத்தின் தலைமைப்பீடமான அமெரிக்காவிலே கூட இதற்கு ஒரு முறை இருக்கிறது. 1920களிலிருந்து அங்கே நில உபயோக விதிகளோடு 'வேரியன்ஸ்' என்னும் விலக்கும் சேர்ந்தே வந்தது. மனுதாரர் தமக்கு நேரும் கஷ்டத்தைக் காட்ட வேண்டும். அது அந்த மனையின் அமைப்பால் வந்த கஷ்டமாக இருக்க வேண்டும். கூடுதல் லாபத்துக்காகத் தானே உண்டாக்கிக்கொண்ட கஷ்டம் செல்லாது. அண்டை அயலாருக்கு நோட்டீஸ் போக வேண்டும், விசாரணை பகிரங்கமாக நடக்க வேண்டும். அங்கும் பணம் பேசுகிறது என்பது வேறு விஷயம். ஆனால் இந்த அளவுகோல் நியாயமானது. மூன்று சென்ட்காரனின் கஷ்டம் மனையால் வந்த கஷ்டம். ஆற்றோரம் கல்யாண மண்டபமும் லாட்ஜும் கட்டுகிறவனின் கஷ்டம் ஆசையால் வந்த கஷ்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எனவே நாம் சொல்வது இது: உழைப்பாளிக் குடும்பத்துக்கு விலக்குக் கொடு, ஆனால் ஆற்றுக்கு விலக்குக் கேட்காதே! உறிஞ்சு குழி போட இடமில்லாத மனையில், அடியும் பக்கமும் கசியாத மூடிய டாங்க் கட்டலாம். நாலைந்து வீடுகளுக்குச் சேர்த்து, வெள்ளம் ஏறாத மேட்டில் ஒரு பொது டாங்க் அமைக்கலாம். டாங்க் நீரைச் சிறு குழாயில் எடுத்துப்போய்ச் சுத்திகரிக்கலாம். இவை தனி ஒரு குடும்பத்தால் ஆகாத காரியம். முனிசிபாலிடி செய்ய வேண்டிய காரியம். விலக்கு என்பது குடிமகனுக்குக் காட்டும் சலுகையல்ல, ஸ்தல ஸ்தாபனம் தன் தலைமேல் ஏற்கும் கடமை.

'பணமில்லை' என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு 1980லேயே சுப்ரீம் கோர்ட் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் சாக்கடையும் மலமும் தெருவில் ஓடுவதாக ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். நிதியில்லை என்றது முனிசிபாலிடி. 1957ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் மந்திரியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர்தான் நீதிபதி. நிதியில்லை என்ற சாக்குச் சொல்லி அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று அவர் தீர்ப்பளித்தார். ஆற்றில் அசுத்தம் விடுவதைத் தடுக்கும் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் குடிசைக்காரனுக்கு மட்டுமல்ல, சாக்கடையைத் திறந்துவிடும் நகர நிர்வாகத்துக்கும் உண்டு.

டாங்க் கட்டியதோடு கதை முடிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். எடுத்த கசடு எங்கே போகிறது? இரவில் லாரி வந்து ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டிவிட்டுப் போனால், வீட்டுக்கு வீடு டாங்க் கட்டியும் பயனில்லை. கசடு மேலாண்மைக்குத் தமிழ்நாடு சர்க்கார் 2014ல் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. செங்கல்பட்டு ஜில்லாவில் கருங்குழி என்னும் சிறிய பேரூராட்சி கசடுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்திக் காட்டியது. கருங்குழியால் முடிந்தது, 2011 கணக்கிலேயே 73 ஆயிரத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட விருத்தாசலத்துக்கு முடியாதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விஷவாயு நிறைந்த டாங்கில் மனிதனை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அப்படி மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023ல் அதை 30 லட்சமாக்கியது. இருந்தும் சாவு நிற்கவில்லை. தேசியக் கணக்கில் தமிழ்நாடு முன் வரிசையில் நிற்கிறது. சாகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். லாரி நுழைய முடியாத சந்தில் டாங்க் கட்ட அனுமதி கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினால், நாளை அதில் ஒரு தொழிலாளியை இறக்குவார்கள். குழாய் எட்டும் இடத்தில் டாங்க், இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் என்பது விலக்கின் முதல் நிபந்தனையாக வேண்டும்.

விருத்தாசலம் பீங்கான் நகரம். களிமண்ணைப் பிசைந்து, சூளையில் வெந்து, நாட்டுக்குப் பீங்கான் சாமான் செய்து அனுப்பும் கைகள் இங்கே இருக்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் சர்க்கார் பயிலகமும் இருக்கிறது. தண்ணீர் கசியாதபடி மண்ணைச் சுடத் தெரிந்த ஊருக்குக் கசியாத குழாயும் தொட்டியும் எட்டாத வித்தையா? சூளையில் நாள் முழுதும் வேகும் பெண், வீட்டுக்குப் போய் இருட்டும்வரை காத்திருப்பது இந்த ஊருக்கு வெட்கக்கேடு.

நமது கோரிக்கைகள் தெளிவானவை:

ஆற்றோர வார்டுகளில் வீடு வீடாகக் கணக்கெடு. எந்த மனைக்கு விதிப்படி குழி போட முடியும், எதற்கு முடியாது என்று பட்டியல் வெளியிடு.

முடியாத குடும்பங்களுக்கு மூடிய டாங்கோ பொது டாங்கோ முனிசிபாலிடி செலவில் கட்டிக் கொடு.

விலக்குக் கேட்கும் ஒவ்வொரு மனுவையும் வார்டு ஜனங்கள் முன்னிலையில் விசாரி. யாருக்கு, எதற்காக விலக்குக் கொடுத்தாய் என்பதை ஆபீஸ் வாசலில் ஒட்டு.

உரிமம் பெற்ற லாரியில், கட்டுப்படியாகும் கட்டணத்தில், குறித்த காலத்தில் கசடு எடு. அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டும் கொட்டு.

நகரத்தின் சாக்கடை ஆற்றில் விழும் வாய்களை முதலில் அடை.

கழிப்பறையா, ஆறா என்று ஏழையைப் பார்த்துக் கேட்பவர்கள், அந்த இரண்டையும் அவனிடமிருந்து பறித்துக்கொண்டவர்கள். நமக்கு இரண்டும் வேண்டும். மனு எழுதித் தரச் சொல்லி வரும் தோழர்களே, ஒற்றை மனுவாக எழுதாதீர்கள். தெருவே சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒற்றை மனுவை ஆபீசர் மேஜை அறையில் போட்டு மூடிவிடலாம். தெருவை அப்படி மூடிவிட முடியாது.