மாமியாரை மறந்த திட்டம்

“ஓரிடத்தில் பலன் தந்ததை ஆய்வு நிரூபித்துவிட்டது, இனி எங்கும் நடத்தலாம்” என்ற வாதம் ஆபத்தானது. உலக வங்கி உதவியோடு 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பாருங்கள். மாதாமாதம் குழந்தையை எடை போட்டார்கள். எடை தேறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு, தாய்க்கு ஆலோசனை. கடும் ஊட்டக்குறைவு குறைந்தது.

அதே அச்சில் 1995இல் வங்கதேசத்தில் தொடங்கிய திட்டம் பிள்ளைகளின் ஊட்டநிலையைப் பெரிதாக மாற்றவில்லை என்று உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே பின்னர் எழுதியது. அங்கே பல கிராமங்களில் சந்தைக்குப் போவது ஆண்கள். கூட்டுக் குடும்பமென்றால் யாருக்கு எவ்வளவு சோறு என்று தீர்மானிப்பவர் மாமியார். ஆலோசனை போனதோ பெரும்பாலும் மருமகளிடம்! தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இந்த உதாரணத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது காரணத்தோடுதான்.

ஆய்வே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஒரு திட்டம் ஓரிடத்தில் எதனால் பலித்தது, அந்தக் காரணங்கள் புதிய இடத்திலும் இருக்கின்றனவா என்று கேட்காமல் வெற்றிக்கு உத்தரவாதம் தராதீர்கள். காசும் கரண்டியும் யார் கையில் என்பதை எந்தச் சராசரிக் கணக்கும் சொல்லாது. அந்த ஊர்ப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.