மாப்பிள்ளை தேடுவது யார்?

1953-இல் வந்த ஹாலிவுட் படம் 'ஹவ் டு மேரி எ மில்லியனர்'. மர்லின் மன்றோ உள்ளிட்ட மூன்று பெண்கள், வாடகை வீட்டுச் சாமான்களை விற்றுச் செலவழித்தபடி கோடீஸ்வர மாப்பிள்ளை தேடுவார்கள். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) அந்தக் கணக்கைப் போடுபவர் அப்பா பாலையா. மகள்கள் காதலோடு சரி. எனக்கு அதுதான் குறை. ஆனாலும் மலேசியாவின் லாபு போன்ற தோட்டங்களில் இந்தப் படத்தைப் பார்த்தால் ருசியே வேறு: வேலை போனவன் எஸ்டேட் முதலாளி வீட்டெதிரிலேயே கூடாரமடித்துக் கலாட்டா செய்கிறான்! அவனாக நடித்த ரவிச்சந்திரன் மலேசியாவில் பிறந்தவர் வேறு. நம் தோட்ட லயத்து அப்பாக்கள் கோடீஸ்வரனையா கேட்டார்கள்? கிராணி (தோட்ட எழுத்தர்) மாப்பிள்ளை வந்தாலே பெரிய இடம். மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தட்டை மாற்றிவிடுவார்கள்.