மூச்சு வாங்குகிறவரை உட்கார வைக்காதீர்கள்

ஆவடி ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் காலை நேரத்தில் சற்று நின்று கவனித்தால் தெரியும். பாதிப் படியில் ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். தோள் இரண்டும் ஏறி இறங்கும். யாராவது பார்த்துவிட்டால் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் சமாளிப்பார். கேட்டால் 'வயசாயிடுச்சு' என்பார், 'வீசிங்' என்பார். வீட்டிலோ, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், பேசாம உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அன்போடு போடும் அந்த நாற்காலியே அவருடைய நோயை வளர்க்கிறது. சேக்காடு, பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் மக்கள் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இந்தியாவில் 1990-இல் 2.81 கோடிப் பேருக்கு இருந்தது. 2016-இல் அது 5.53 கோடி ஆயிற்று. 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான கணக்கு இது. நம் மாவட்டத்துக்கே ஓர் ஆய்வு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைப்பழக்கம் இல்லாத, 30 வயதைக் கடந்த 900 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்ற பெண்களிடம் அது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத அம்மாக்களுக்கு வந்த நோய் இது.

நுரையீரலில் தொடங்கும் அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் பொருள்கள் இந்த நோயாளிகள் பலரின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த அழற்சி தசையைக் கரைக்கிறது. நடக்காமல் இருப்பது இன்னும் வேகமாகக் கரைக்கிறது. முதலில் அடிபடுவது தொடைத் தசை. வலுவிழந்த தொடை சிறு வேலைக்கே களைத்துப்போய், கூடுதல் மூச்சைக் கேட்கும். மூச்சு முட்டும், பயம் வரும், மனிதர் உட்கார்ந்துவிடுவார். தசை மேலும் கரையும். போன வருடம் கடைத்தெரு வரை போய் வந்தவர் இந்த வருடம் குளியலறைக்குப் போவதற்கே நின்று நின்று போகிறார். கெட்டது நுரையீரல் மட்டும்தான் என்று நினைக்கிறோம். காலும் சேர்ந்து கெட்டிருக்கிறது. நுரையீரலில் போன பகுதி திரும்பாது. காலில் போன வலு பெருமளவு திரும்பும்.

எடை விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. இந்த நோயாளியின் நிலையைக் கணிக்க 2004 முதல் பயன்படும் 'போட்' குறியீடு நான்கைப் பார்க்கிறது: உடல் நிறை குறியெண், மூச்சுக்குழாய் அடைப்பு, மூச்சுத் திணறல், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம். அதில் உடல் நிறை குறியெண் 21-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை. மூச்சு விடுவதற்கே அவருடைய உடல் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு அடைப்பதால் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்கிறார். இந்த நேரத்தில் நாம் 'சளி பிடிக்கும்' என்று பாலையும் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்திவிடுகிறோம். இவை இந்த நோயை மோசமாக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. இளைத்துப்போகிறவருக்கு முட்டை, பருப்பு, சுண்டல், நிலக்கடலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வேண்டும். மறுபக்கம், தொப்பை உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைச் சுருக்குகிறது. அந்தக் கொழுப்பே அழற்சியையும் கூட்டுகிறது. கை கால் இளைத்து வயிறு மட்டும் பெருத்தவருக்கு எடை மெஷின் சரியான எடையைக் காட்டிவிடும். ஆகவே எடையோடு நடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடை உண்மையிலேயே உதவுமா? வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது நடப்பதற்கோ சைக்கிள் ஓட்டுவதற்கோ ஈடாக உடலை இயக்கியவர்கள் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் குறைவாக இருந்ததைக் கோபன்ஹேகன் நகரில் இந்த நோயுள்ள 2,300-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் காட்டியது. நடக்க முடிந்தவர்கள்தானே நடந்திருப்பார்கள் என்று கேட்கலாம். அதற்கு விடை 2015-இல் வந்த காக்ரேன் தொகுப்பில் இருக்கிறது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் உடற்பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த 65 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைந்தது, நடக்கும் தூரம் கூடியது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ரத்தத்தில் அழற்சி அளவு எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி குறையவில்லை. பலன் பெரும்பாலும் தசை வழியாகவே வருகிறது.

நுரையீரல் நோய்க்கு ஓய்வே மருந்து என்ற பழைய நம்பிக்கையை உடைத்ததில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே அதே மாத்திரையைக் கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நடமாடினார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தபோது, இரு தரப்பும் ஏறத்தாழ ஒரேபோல் குணமாகியிருந்தன. அடைப்பு நோய் வேறு, காசநோய் வேறு. ஆனாலும் நல்ல சிகிச்சை வீட்டுக்கும் தெருவுக்கும் வர முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஊர் இது. 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள். அதே கவனிப்பு அடைப்பு நோயாளிக்கும் கிடைக்கட்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

இங்கே இரண்டு குரல் எழும். 'பீடி குடிச்சவர் அனுபவிக்கிறார், அதுக்கு ஊர் என்ன செய்யும்' என்பது ஒன்று. 'காற்றைக் கெடுத்துவிட்டு நடக்கச் சொல்வது என்ன நியாயம்' என்பது மற்றொன்று. முன்சொன்ன 2018 கணக்கே இருவருக்கும் பதில் சொல்கிறது. இந்தியாவில் இந்த நோயின் சுமையில் 53.7 சதவீதத்துக்குக் காற்று மாசும், 25.4 சதவீதத்துக்குப் புகையிலையும், 16.5 சதவீதத்துக்கு வேலையிடத் தூசும் புகையும் காரணம். அதாவது பெரும்பங்கு நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது. பீடியை விடுவது அவருடைய கடமை. காற்றைக் காப்பது நம்முடைய கடமை. ஒன்று நடக்கும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

நோயாளி செய்ய வேண்டியது: மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது, இன்ஹேலரை முறையாக எடுப்பது, சின்னச் சின்ன வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடப்பது. மூச்சு வாங்கினால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி, மறுபடி நடக்கலாம். வெளியே போக முடியாத நாளில் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்வதும் தொடைக்குப் பயிற்சியே. காய்ச்சல், நெஞ்சுவலி, சளியின் நிறம் மாறி இரைப்பு கூடுவது ஆகியவை இருந்தால் நடையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை எடையைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

வீட்டார் அவரிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிடக் கூடாது. கூட நடக்க ஒருவர் வேண்டும். கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் அவர் இருக்கும் அறைக்குள் வேண்டாம். தெருவாசிகள் குப்பையைக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும். நடைபாதையில் வண்டி நிறுத்துவதையும் நிறுத்த வேண்டும். 2019-இல் மாநகராட்சியான ஆவடி, பருத்திப்பட்டு ஏரியில் இருப்பது போன்ற நடைபாதையை சேக்காட்டு மக்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தர வேண்டும். சி.டி.எச். சாலை ஓரத்தில் இடையிடையே பெஞ்சு போட வேண்டும். வழியில் உட்கார இடம் உண்டு என்று தெரிந்தால்தான் மூச்சு வாங்குகிறவர் வீட்டைவிட்டுக் கிளம்புவார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கிரைண்டிங், பெயின்டிங், வார்ப்படம் நடக்கும் பட்டறைகள் தூசை உறிஞ்சும் கருவி வைப்பதும், தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப்பார்க்கும் பரிசோதனை செய்வதும் முதலாளிகளின் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஏற்கெனவே ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளோடும் இயன்முறைச் சிகிச்சையோடும் வீடு தேடி வருகிறது. அந்தப் பணியாளர்கள் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, எடையையும் ஆறு நிமிட நடையையும் பதிவுசெய்யலாம். ஆறு நிமிட நடைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதளமான முப்பது மீட்டர் இடம், ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் போதும். நலவாழ்வு மையத்தில் வாரம் இரண்டு நாள் மூச்சு வாங்குகிறவர்கள் கூடி இயன்முறை மருத்துவர் கண்ணெதிரில் பயிற்சி செய்ய ஏற்பாடு வேண்டும்.

வார்டு தோறும் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் சேக்காட்டு மக்கள் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கட்டும்: தடையில்லாத நடைபாதையும் பெஞ்சுகளும், குப்பை எரிப்புக்கு முற்றுப்புள்ளி, நலவாழ்வு மையத்தில் நுரையீரல் பயிற்சி வகுப்பு. கவுன்சிலர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் மறுக்க முடியாத கோரிக்கைகள் இவை. கூட்டத்துக்குப் போகும்போது வீட்டில் மூச்சு வாங்குகிறவரையும் அழைத்துப் போங்கள், மெதுவாக நடந்தே.