ஸ்டேஷனுக்கும் மணலுக்கும் நடுவே

மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் பலருக்குச் சென்னை ஒரு கடற்கரை ஊர் என்பது கணக்கிலேயே வருவதில்லை. வண்டி பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் மாமல்லபுரம், புதுச்சேரி என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆதம்பாக்கம், நங்கநல்லூர் வீடுகளுக்கு வந்து தங்கும் உறவினர்களையும் நாமே அப்படித்தான் அனுப்பிவைக்கிறோம்: ஒரு நாள் தி.நகரில் துணிக்கடை, மறுநாள் புதுச்சேரி. வெயில், உப்புக் காற்று, அவசரமில்லாத ஒரு மாலைப் பொழுது என்று அவர்கள் தேடிப் போவதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது. அதைக் கொடுக்க இந்த ஊர்க் கடற்கரையில் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடைவழியைச் சீர்செய்தால் போதும் என்பதே என் வாதம்.

பறக்கும் ரயிலின் வரைபடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1997-இல் திருமயிலை வரை வந்து, 2007-இல் வேளச்சேரியை எட்டிய இந்தப் பாதை, பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகிறது. அதனால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களும் மெரினாவுக்கு இணையாக, நடந்து போகும் தூரத்திலேயே அமைந்துவிட்டன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டருக்கு 2008-இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் சிக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. அந்தத் துண்டின் அருமை வேளச்சேரிக்காரர்களோடு முடிவதில்லை. விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி, பரங்கிமலையில் மாறி, ஆதம்பாக்கம் வழியாக மெரினாவுக்கே போய்விடலாம் என்ற வழியை அதுதான் திறக்கிறது. வேளச்சேரியிலிருந்து கடற்கரை நிலையம் வரை பத்து ரூபாய் டிக்கெட்டில் போகிற ஊர் இது. மும்பையில் சர்னி ரோடு நிலையத்தில் இறங்குகிறவர் நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் சௌபாத்தி மணல். கொழும்பில் வெள்ளவத்தையில் இறங்கினால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே கடல். அந்த இரண்டு ஊர்களிலும் கடற்கரைக்குப் போவது ஒரு தனிப் பயணமே இல்லை. சென்னையிலும் அப்படி ஆவதற்குத் தேவையான செலவில் பெரும்பகுதி ஏற்கெனவே செய்தாகிவிட்டது.

மிச்சம் இருப்பதுதான் வதைக்கிறது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் அளவுக்குப் பெரிதாகக் கட்டி, பாதி இருட்டாகக் கிடக்கும் நிலையம். படியிறங்கினால் சாக்கடையாகிப்போன கால்வாயின் நாற்றம். நடைபாதை என்று ஒன்று இருந்தாலும் அதன்மேல் வரிசையாக டூவீலர்கள். அவற்றைச் சுற்றி வண்டிகள் போகும் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கையில் குழந்தையோடு வருகிறவர், முட்டி வலியுள்ள அம்மாவைக் கூட்டி வருகிறவர் எல்லாம் அங்கேயே ஆட்டோவைத் தேடுகிறார்கள். சின்ன வேலை எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு மெரினாவிலேயே சாட்சி உண்டு. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணல்மேல் ஒரு மரப்பாதை போட்டார்கள். சுமார் ஒரு கோடி ரூபாய் வேலை. அதுவரை சாலையோரத்தில் நின்று பார்த்துத் திரும்பியவர்கள் சக்கர நாற்காலியோடு அலைக்கு அருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பழுதுபார்த்துத் திரும்பவும் திறந்தார்கள். கடலோரத்தில் எதைப் போட்டாலும் ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

"சென்னை வெயிலில் யார் வந்து ஓய்வெடுப்பார்கள்?" என்று கேட்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் வரச் சொல்லவில்லை. ஜனவரியில் பகல் உச்ச வெப்பமே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கோடையிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் ஊர் தணிந்துவிடும். விடிகாலையும் நாலு மணிக்கு மேலும்தான் கடற்கரைக்கான நேரம் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வருகிறவருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தால் போயிற்று. இடைப்பட்ட பொழுதுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. குளிக்க முடியாத கடலுக்கு எதற்கு வர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மெரினாவின் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். போலீஸ் விரட்டுவது நியாயம்தான். நீந்த ஆசைப்படுகிறவர் 2021-இல் நீலக் கொடிச் சான்று பெற்ற கோவளத்துக்குப் போகட்டும். இங்கே கடற்கரை என்பது உட்காருவதற்கான இடம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் பொட்டலத்தோடு, முன்பின் தெரியாத ஆயிரம் குடும்பங்களுக்கு நடுவே, நுழைவுக் கட்டணம் ஏதுமில்லாமல் இரவு வரை உட்கார்ந்திருக்கலாம். ஒரு பயணிக்கு இந்த ஊரை இதைவிட நன்றாகக் காட்ட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

நான் அஞ்சுவது வேறொரு ஆட்சேபத்துக்கு. பயணிகளுக்காக அழகுபடுத்துகிறோம் என்று ஆரம்பித்தால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது மீனவர்களாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இந்தப் பயம் வெறும் கற்பனை அன்று. 2023 ஏப்ரலில், போக்குவரத்து நெரிசல் குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கையொட்டி, நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். மறு ஆண்டு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. இந்தக் கரையில் முதலில் இருந்தவர்கள் குப்பத்துக்காரர்கள். அவர்களுடைய கட்டுமரமும் வலையும் ஏலமும் இல்லாத கடற்கரை வெறும் மணல்தான். அவர்களை விலக்காமலேயே வெளியாட்களை வரவேற்க முடியும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா, சபாக்களில் கேட்ட சங்கீதத்தைக் குப்பத்துக்கே கொண்டுவந்தது. மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறது. பொதுமக்களும் கூட நடக்கலாம். நடந்து வருகிறவரால் யாருக்கும் இடம் பறிபோவதில்லை. கார் நிறுத்தும் இடமும் அகலச் சாலையும் கேட்கும்போதுதான் குப்பத்து நிலத்தின்மீது கண் விழுகிறது. பயணியை ரயிலில் அழைத்துவர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆகவே மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் ரோப் கார் விடலாம் என்ற பேச்சை ஒத்திவைத்துவிட்டு, மூன்று நிலையங்களின் வாசலிலிருந்து மணல் வரை தடையில்லாத நடைபாதை, நிழலுக்கு மரம், இரவில் விளக்கு, தண்ணீர் வரும் கழிப்பறை, எத்தனை நிமிட நடை என்று சொல்லும் பலகை ஆகியவற்றை ரயில்வேயும் மாநகராட்சியும் உட்கார்ந்து பேசி முதலில் செய்ய வேண்டும். அதுவரை வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காக்க வைக்க வேண்டாம். அடுத்த முறை யாராவது வந்தால், புதுச்சேரிக்கு வண்டி பேசுவதற்கு முன் ஒரு நாள் மாலை அவரைப் பறக்கும் ரயிலில் ஏற்றி, கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறக்கி, மணல்வரை கூடவே நடந்து போய் வாருங்கள்.